கண்டதும் கருதியதும்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் மேற்கு வானில் ஒரு வால் நட்சத்திரம் தோன்றியதைச் சகோதரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சூச்சின்ஷான்-அட்லஸ் என்பது அதன் பெயர். மக்ரிப் தொழுதுவிட்டு என் மகனையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வெகுநேரம் தேடிய பிறகு, அடிவானத்துக்குச் சற்று மேலே, பஞ்சை நூலாக இழுத்துவிட்டாற்போல் மங்கலான கீற்று ஒன்று தென்பட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம் நான் சொன்னதோ வேறு. பத்திரிகைப் படத்திலிருந்த நீண்ட வாலையும் பேரொளியையும் என் கண்ணாலேயே கண்டதாக அளந்துவிட்டேன். போதாக்குறைக்கு, "உலகம் போகிற போக்குக்கு இதுவும் ஓர் அடையாளம்தான்" என்றேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மகன், "அத்தா, நாம பார்த்தது அவ்வளவு பெரிசா இல்லையே" என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

கண்டதோடு கருதியதைக் கலந்து கொடுப்பது பொய்யாகுமா? மிளகில் பப்பாளி விதை கலப்பவனை மோசக்காரன் என்கிறோம். பேச்சில் கலப்பவனை என்னவென்று சொல்வது?

1006-ஆம் ஆண்டில் வானில் ஒரு புதிய நட்சத்திரம் தோன்றிற்று. வெடித்துச் சிதறிய நட்சத்திரம் அது, சூப்பர்நோவா என்பார்கள். எகிப்து நாட்டு ஹகீம் அலீ இப்னு ரிள்வான், கல்வி தொடங்கிய இளம் பருவத்தில் அதைக் கண்டார். பிற்காலத்தில் தாலமியின் சோதிட நூலுக்கு விரிவுரை எழுதியபோது அதைக் குறித்து வைத்தார். வெள்ளியைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்குப் பருமன். நிலவொளியில் கால் பங்குக்குச் சற்று அதிகமான ஒளி. விருச்சிக ராசியில் 15-ஆம் பாகை. அச்சமயம் சூரியனும் சந்திரனும் மற்றக் கிரகங்களும் நின்ற இடங்களையும் ஒவ்வொன்றாக எழுதினார்.

அதோடு நிற்கவில்லை அவர். போரும் பஞ்சமும் கொள்ளை நோயும் அதன் பலன்கள் என்றார். விலைவாசி உயர்வையும் அதன் தலையிலேயே போட்டார். (நம் வியாபாரிகளுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!)

இப்னு ஸீனாவும் அதே நட்சத்திரத்தைக் குறிப்பிட்டுள்ளார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஏறக்குறைய மூன்று மாதம் இருந்து, வரவர மங்கி மறைந்தது என்றும், முதலில் கருமையும் பசுமையுமாக இருந்து, பொறி சிந்தி, பிறகு வெளுத்தது என்றும் எழுதினார். ஆனால் அதை வால் நட்சத்திரங்களோடு சேர்த்து, பூமியை அடுத்த மேற்காற்றில் உண்டாவதாக வைத்தார். அந்தக் கருத்துத் தவறு. டென்மார்க் தேசத்து டைக்கோ பிராஹே 1572-இல் தோன்றிய புதிய நட்சத்திரத்தையும் 1577-இல் வந்த வால் நட்சத்திரத்தையும் அளந்து பார்த்து, இரண்டும் சந்திரனுக்கு அப்பாற்பட்டவை என்று காட்டினார்.

ஆக, இருவர் கருத்தும் பிசகிற்று. கண்டதோ பிசகவில்லை. இப்னு ரிள்வானின் குறிப்பும் சீனர் முதலியோரின் குறிப்புகளும் காட்டிய திசையிலேதான், 1965-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் அந்த நட்சத்திரத்தின் சிதறலைக் கண்டுகொண்டார்கள். அது ஏறக்குறைய 7,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஹகீம் சரக்கையும் தம் அபிப்பிராயத்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டியிருந்தார்; ஆயிரம் ஆண்டு கழித்து வந்தவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார். என் பொட்டலத்தில் அப்படிப் பிரித்தெடுக்க வழி ஏது?

நல்லெண்ணத்தோடு கலந்தால் குற்றமில்லையே என்பார் உண்டு. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அன்பினால் வந்த பேச்சுத்தான். துக்கத்தில் இருந்த தந்தைக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆயினும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிள்ளையை அடக்கிய நாளில் அந்த ஆறுதலைத் தள்ளினார்களே என்று நினைக்கும்போது, அரிசி மூட்டைக்கு முன்னால் நின்று நான் அளந்தது எவ்வளவு அற்பம்!

அன்றிரவு கடையடைத்த பின் சிட்டையின் ஓரத்தில் தேதி போட்டு எழுதினேன்: மேற்கே, மக்ரிபுக்குப் பின், கை நீட்டிப் பார்த்தால் ஒரு விரல் நீளம், மங்கல். நிறம் என்னவென்று மகனைக் கேட்டேன். தெரியவில்லை என்றான். அதையும் எழுதினேன்.