பழைய வண்டிக் கொடை

திண்டுக்கல் நகரிற் பூட்டு வாணிபமோ தோல் வாணிபமோ செய்யும் செல்வரொருவர் புதிய மோட்டார் வண்டி வாங்குகின்றார் எனக் கொள்வோம். பன்னீராண்டு உழைத்த பழைய வண்டி கொட்டிலில் நிற்கின்றது. விற்பின் நல்ல விலை வாராது. பழுது பார்ப்பின் செலவு மிகும். ‘முதியோர் இல்லமொன்றிற்குக் கொடுத்துவிடின் புண்ணியமுமாம், வருமானவரியிற் கழிவுமாம்’ என அவர்க்கோர் எண்ணம் எழுகின்றது. இவ்வெண்ணத்தில் ஈகை எவ்வளவு, வாணிபம் எவ்வளவு என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வழக்கம் வேரூன்றியது அமெரிக்க நாட்டில். ஆண்டு பழகிய வண்டியை அறநிலையத்திற்கு அளிப்போர் அதன் மதிப்பைத் தம் வருவாயினின்று கழித்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடந்தந்தது. விளைந்தது யாது? ஏலத்திற் சில நூறு டாலரே பெற்ற வண்டிக்குக் கொடையாளர் பல்லாயிரம் டாலர் மதிப்பிட்டுக் கழிவு கொண்டனர். இதனைத் தடுத்தற்கு 2004-இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. 500 டாலருக்கு மேற் கழிவு வேண்டுவோர், பெரும்பாலும், வண்டி விற்று வந்த தொகையளவே கழிக்கலாம் என 2005 முதல் வரையறை உண்டாயிற்று.

இந்திய நாட்டு நெறி இன்னும் கண்டிப்பானது. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, பணமாக ஈந்ததற்கே கழிவு தந்தது. பொருளாக ஈந்ததற்குத் தந்திலது. ரொக்கமும் 2,000 ரூபாய்க்கு மேற்படின் ஆகாதென 2017-இல் திருத்தம் வந்தது. ஆகலின் நம் செல்வர் வண்டியை வண்டியாகவே கொடுப்பின் வரியில் ஒரு காசும் குறையாது. கழிவு வேண்டின் அவரே விற்று, வந்த விலையைக் காசோலையாகத் தரல் வேண்டும்.

இஃது ஈகைக்கு இடையூறென்பாருளர். அஃது அன்று. பழைய வண்டியைப் பெற்ற முதியோர் இல்லத்தார்க்கு உருளைப் பட்டையும் மின்கலமும் மாற்றுஞ் செலவுண்டு, காப்பீட்டுச் செலவுண்டு, பதினைந்தாண்டு நிரம்பியவுடன் பதிவு புதுக்குஞ் செலவுமுண்டு. கொடுத்தவர்க்குத் தொல்லை தீர்ந்தது, பெற்றவர்க்குத் தொடங்கிற்று. கடோபநிடதத்து வாசசிரவசர் வேள்வியிற் கறவை ஓய்ந்த முதிய பசுக்களைத் தானஞ் செய்யக் கண்டு மகன் நசிகேதன் உளம் நைந்ததும் இதுபற்றியன்றோ?

மற்றொன்று. திறவுகோலைக் கொடுத்துப் பதிவுச் சான்றைத் தம் பெயரிலேயே விட்டுவைப்பார் பலர். அவ்வண்டி யாரையேனும் மோதின், பதிவேட்டிற் பெயருடையவரே உடையவராவர் என்று உச்சநீதிமன்றம் 2018-இற் றீர்ப்பளித்தது. பண்டையோர் தானப்பொருளை நீர் வார்த்துக் கொடுத்தது ‘எனது’ என்பதனை அறுத்தற்கே. பெயர் மாற்றாது கொடுத்த வண்டி நீர் வாராத தானம்.

திண்டுக்கற் சமவெளிக்கு மேற்கே பழனி மலைநாட்டை ஆண்ட பேகன் மயிலுக்கு ஈந்தது தான் போர்த்த போர்வை; கிழக்கே பறம்பிற் பாரி முல்லைக்கு ஈந்தது தான் ஏறிவந்த தேர். முல்லைக்குத் தேர் வேண்டுமோ, கொழுகொம்பொன்று போதாதோ என வினவலாம், வினா முறையானதே. எனினும் அவ்விருவரும் ஈந்தது தமக்கு அப்பொழுது வேண்டியிருந்த பொருளை. புதுத் தேர் வந்தபின் பழந்தேர் கொடுத்தானென்று பாரியை எப்புலவரும் பாடியிரார்.

இனிக் கழிவைப் பற்றி. பயன் கருதி ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பொடு செய்வதைப் பசுபுண்ணியமென்றும், இறைவன் பணியென்று முனைப்பற்றுச் செய்வதைச் சிவபுண்ணியமென்றும் சைவசித்தாந்திகள் பகுப்பர். முன்னதன் பயன் நுகர்ந்தவுடன் தீரும். வரிக்கழிவோ மறுமை வரை காத்திராது, அவ்வாண்டிலேயே கைக்கு வரும் பயன். அரசு மனமொப்பித் தருவதைக் கொள்ளுதல் குற்றமன்று. கொண்டபின் முழுக்கொடையும் தமதென்று எண்ணுவதிலேயே பிழை. நூற்றுக்கு முப்பது வரியிறுப்பவர், பாதிக் கழிவுடைய அறநிலையத்திற்கு 100 ரூபாய் ஈயின், 50 ரூபாய்க்குரிய வரியாகிய 15 ரூபாய் அவர்க்கு மிஞ்சும். அப்பதினைந்தும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் செல்லவிருந்த பொதுப்பணம். ஆகவே அவர் கொடை 85; எஞ்சியது ஊரார் கொடை. கோயிற் குழல்விளக்கில் ஒளி மறையுமளவு தம் பெயரெழுதுவோர் ஊரார் பெயருக்கும் சிறிதிடம் விடலாம்.

2020-இற் புகுந்த புதிய வரிமுறையில் இக்கழிவு இல்லை. 2023-24 முதல், வேறு கேளாதவரை அதுவே முறையென்றாயிற்று. வரிவீதம் குறைவென்று பலரும் அதிற் சேர்ந்தனர். நம் செல்வரும் சேர்ந்தாராயின், அவ்வாண்டில் முதியோர் இல்லத்திற்குக் காசோலை சென்றதோ இலதோ என்பதை அவர்தம் கணக்கேடே காட்டும்.