வரிவிலக்கு என்னும் அமானிதம்

 

சிம்பாங் அம்பாட்டில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவரிடையே, வருமான வரிப் பாரம் நிரப்பும் காலம் வந்தால் ஒரு பேச்சு எழும். “நாம் வியர்வை சிந்தி ஈட்டியதற்கு வரி கட்டுகிறோம். பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் ஏன் கட்டுவதில்லை? இந்த விலக்கு நீடிக்கத்தான் வேண்டுமா?”

நீடிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். லாபம் கருதாமல் தொழுகைக்கும் மார்க்கக் கல்விக்கும் செலவாகும் பணத்தை வியாபார லாபத்தோடு சேர்த்து எண்ணுவது நியாயமன்று. ஆனால் அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் பொதுமக்களின் வெள்ளி. நம் பள்ளிவாசற் படியை மிதித்திராத சீனக் கடைக்காரரின் பங்கும் அதில் இருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நாயகமவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். தனியே அழைத்துக் கண்டித்ததோடு நில்லாமல் ஜனங்கள் முன்னிலையில் கேட்டார்கள். பொதுப் பணத்தின் கணக்குப் பொதுவில்தான் பேசப்பட வேண்டும்.

கேட்பாரில்லாவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தூரதேசம் போகவேண்டாம். பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு ஏராளமான வக்பு நிலம் இருந்தது. பிற்காலத்தில் அதன் பராமரிப்புப் பற்றி முறையீடுகள் மலிந்தன. முஸ்லிம், இந்து அறச்சொத்துக்களைக் கண்காணிக்க 1905இல் ஆங்கில அரசு சட்டமே இயற்றியது. நம் மலாக்காவும் அந்நாளில் அதே ஆட்சியின் கீழ்தான் இருந்தது. நாம் நம் கணக்கைப் பார்க்கத் தவறியதால், அன்னியன் வந்து பார்த்தான்!

இனி நம் கல்லாப்பெட்டிக்கு வருவோம். ஜகாத்தை மாநில ஜகாத் நிலையத்தில் செலுத்தி ரசீது பெற்றால், தனிநபர் வியாபாரிக்கு அத்தொகை வரியிலேயே கழிகிறது. வரி 3,000 வெள்ளி, ஜகாத் 2,000 வெள்ளி என்றால், கட்டவேண்டியது 1,000 வெள்ளிதான். கம்பெனியாக நடத்துவோருக்கு இப்படியில்லை, வருமானத்தில் 2.5 விழுக்காடு வரைதான் கழிவு. நன்கொடை வேறு வகை. வரி இலாகாவின் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால் வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். அந்த அங்கீகாரத்தை இலாகா திரும்பப் பெறவும் சட்டம் இடம் தருகிறது.

இங்கேதான் ஷைத்தான் புகுகிறான். 500 வெள்ளி கொடுத்துவிட்டு 5,000 வெள்ளிக்கு ரசீது கேட்பவர் ஒருவர். எழுதிக் கொடுப்பவர் ஒருவர். தம் சொந்த வியாபாரத்தைப் பள்ளிவாசல் பெயரில் நடத்த நினைப்பவர் இன்னொருவர். தராசில் அரைப்பலம் குறைக்க அஞ்சும் நாம், இதைச் சாமர்த்தியம் என்று சொல்லலாமா? ஓர் ஆள் பிடிபட்டால் அங்கீகாரம் போவது ஸ்தாபனத்துக்கு. அங்கே ஓதும் அநாதைப் பிள்ளையின் சோற்றில் கை வைத்தவர்கள் இந்த இருவருமே.

ஆகவே ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேளுங்கள். கேட்பவரைப் பள்ளிவாசலின் பகைவர் என்று முதவல்லிமார் முகம் சுளிக்க வேண்டாம். கடை வாடகை எவ்வளவு, உண்டியல் எவ்வளவு, இமாம் சாகிபின் சம்பளம் எவ்வளவு, மீதி எங்கே இருக்கிறது? நான்கே வரிகள். ஜும்ஆவுக்கு வருவோர் பார்க்கும்படி வாசற் பலகையில் ஒட்டிவிடலாம்.