காரியமில்லாமல் ஆற்றில் போவது

மகாவலி கங்கை எங்கள் பக்கம் வந்து சேரும்போது அதன் வேகம் அடங்கியிருக்கும். தேயிலை மலைகளில் தொடங்கி, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணை அணையாக நின்று, 335 கிலோமீற்றர் கடந்து கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. கலப்பதற்கு முன்பே ஒரு கிளை பிரிந்து வெருகல் ஆறாகக் கடலுக்குப் போகிறது. எங்கள் தோப்பூர் இந்த இரண்டு வாய்களுக்கும் இடையில் இருக்கிறது. அருகிலேயே உல்லைக்கழிக் களப்பு. எந்தத் திசையில் நடந்தாலும் வயலைத் தாண்டினால் தண்ணீர்தான்.

✽

இந்தத் தண்ணீரை முன்பு சும்மா கடந்தவர் யாருமில்லை. திருகோணமலைக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடக்க வேண்டும். இல்லையென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் பாதை எனும் மிதப்புப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். நெல் மூட்டை, பிரசவ வலியோடு ஒரு தாய், பரீட்சைக்குப் போகும் பிள்ளை, எல்லாரும் ஒரே மிதப்பில் ஏறினார்கள். அக்கரையில் பாதை நின்றால் இக்கரையில் வாழ்க்கை நின்றது.

பிறகு அச்சமும் வந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு போர் மறுபடி பெரிதாக எழுந்தது. அடுத்த மாதம் மூதூரும் தோப்பூரும் இடம்பெயர்ந்தன. அந்த வருடங்களில் ஆற்றங்கரையில் நின்று ஆற்றைப் பார்த்தவர் குறைவு. அக்கரையில் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தார்கள்.

அதனால்தான் இன்று நாலு கூட்டாளிமார் அசர் தொழுகைக்குப் பிறகு வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் புறப்படுவதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. காரியமில்லாமல் ஆற்றில் போக முடிவது அமைதி கொண்டுவந்த வரம்.

✽

வள்ளங்கள் ஒன்றாகப் போகும்போது சில ஒழுங்குகள் தாமாகவே வந்துவிடும். வேகம் குறைந்த வள்ளத்தின் வேகமே எல்லாருக்கும் வேகம். முன்னால் போகிறவர் கையை உயர்த்தினால் அடியில் மேடு இருக்கிறது என்று பொருள். பின்னால் வருகிறவர் இஞ்சினைத் தூக்கிவிட வேண்டும். வலை கண்டால் சுற்றிப் போக வேண்டும். ஒருவருடைய இஞ்சின் நின்றால் மற்றவர் கயிறு வீசுவார். அதற்கு நன்றி சொல்லும் வழக்கமில்லை. அடுத்த முறை அவருக்கு இவர் வீசுவார்.

பேச்சும் மெல்லக் குறைந்துவிடும். கரையில் ஓயாமல் வாதாடுகிறவர்கள்கூட, ஆறு ஒடுங்கும் இடத்தில் தாமாக அடங்கிவிடுவார்கள். சேர்ந்து இருப்பதற்குப் பேச வேண்டியதில்லை என்பதை நான் கற்றது வள்ளத்தில்தான்.

✽

களப்புக்குள் கண்டல் மரங்கள் நெருங்கும் இடத்தில் இஞ்சினை அணைத்துவிட்டுத் தடி ஊன்றுவோம். மாரி மழை ஓய்ந்த நாட்களில் மேல் நீரைக் கையால் அள்ளி நாவில் வைத்தால் உப்பு தெரியாது. ஆனால் அடிநீர் கரிக்கும். கடல்நீர் கனம் கூடியது. அது அடியில் நுழைந்துவர, ஆற்றுநீர் அதன்மேல் படிந்து போகிறது. ஒரு வள்ளத்தின் கீழே இரண்டு நீர்கள் எதிரெதிராகப் போய்க்கொண்டிருக்கின்றன. மேலே ஒரு சலனமும் இல்லை.

கண்டலின் விதை மரத்திலேயே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, முற்றியதும் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். நின்ற சில நாட்களுக்கு அதற்குப் பிடிப்பு மிகக் குறைவு. வேகமாகப் போகும் ஒரு வள்ளத்தின் அலை வந்து மோதினால் பிடுங்கிக்கொண்டு மிதந்துவிடும். ஓட்டியவர் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார். அந்த வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன; அதை நம்பித்தான் களப்போரத்துக் குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. மெதுவாகப் போவது அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை.

✽

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. கங்கை, இறால்குழி, உப்பாறு, வெருகல் துறைகளும் அடுத்த சில ஆண்டுகளில் பாலங்களாயின. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் காத்திருப்பு முடிந்தது. ஆனால் பாலத்தின் மேல் போகிறவருக்கு ஆறு சில நொடிகள்தான். கரையில் குப்பை கொட்டினாலும், மணல் அள்ளினாலும், கண்டல் வெட்டினாலும் அவர் கண்ணில் படாது.

நீர்வழி இப்படிக் கண்ணிலிருந்து விலகுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரி ஏற்றுவதற்காக வெட்டிய கால்வாய்கள், ரயிலும் லாரியும் வந்தபின் தூர்ந்துபோயின. அவற்றைக் காப்பாற்ற 1946இல் ஒரு சங்கம் எழுந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் ரோல்ட், படகையே வீடாக்கி அந்தக் கால்வாய்களில் வாழ்ந்தவர். இன்று அங்கே படகுகளின் வேக எல்லை மணிக்கு 4 மைல், ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகம். கேரளத்துக் குட்டநாட்டில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் வீட்டுப்படகுகளாக மாறிப் பிழைத்தன. ஆனால் அவை அளவின்றிப் பெருகியதால் காயல் நீர் கெட்டது. உல்லாசம் ஒரு நீர்வழியைக் காப்பாற்றவும் செய்யும், அழிக்கவும் செய்யும். போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதில் இருக்கிறது எல்லாம்.

✽

2021 நவம்பர் 23 காலை, கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் மிதப்புப் பாதையில் கடந்தார்கள். அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் மவுத்தானார்கள். அந்தத் துறையைக் கடக்கும்போது இன்னும் எனக்கு ஒரு துஆ வாயில் வருகிறது. அமைதியாக இருக்கிறது என்பதற்காக எந்த நீரையும் லேசாக எடுக்கக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகளின் பெயரால் சொல்கிறேன்.

✽

தோப்பூர்ப் பக்கம் வந்து வள்ளம் ஏறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கி போடுங்கள். வள்ளம் தாங்கும் ஆட்களுக்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றாதீர்கள். முதலை உள்ள ஆறு, கையைத் தொங்கவிடும் முன் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். வலையும் கண்டலும் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். கொண்டுபோன போத்தலையும் பையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாலம் வந்தபின் இந்த ஆற்றை அருகில் போய்ப் பார்ப்பவர்கள் மீனவர்களும் நாமும்தான். பார்ப்பவர்கள்தான் காக்கவும் வேண்டும்.