அடுத்த வீட்டு அழுகையும் இல்லறத்தின் அமானிதமும்

கேமரன் மலையில் ரிங்லெட், ஹாபு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை நம்பிக் கடை நடத்தும் நம்மவர்களுக்கு லயத்து வாழ்க்கையை நாம் விளக்க வேண்டியதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். அடிச்சத்தமும் கேட்கும். கேட்டவர், “புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கென்ன?” என்று விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறார். மறுநாள் அந்தப் பெண் வீங்கிய முகத்தோடு கடைக்கு வந்து, படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுகிறாள். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே அரிசியையும் சீனியையும் பற்று எழுதுகிறார். கணக்கு அவள் புருஷன் பெயரில் இருக்கிறதல்லவா!

அவள் பொய் சொன்னாள் என்று நாம் குறை கூறமாட்டோம். கணவனை ஊரார் முன் காட்டிக் கொடுக்கலாகாது என்பது அவள் எண்ணம். தம்பதிகளைத் திருக்குர்ஆன் (2:187) ஒருவருக்கொருவர் ஆடையாக உவமித்திருப்பதை வைத்து, “ஆடை மறைக்கத்தானே வேண்டும்?” என்று வாதிப்போரும் உண்டு. மெய்தான். ஆனால் மலைக் குளிரில் இருப்பவர்களுக்கு ஆடையின் மற்றொரு வேலையையும் நாமா சொல்லித்தர வேண்டும்? அமானிதத்தை முதலில் முறித்தவன் கை நீட்டியவன். காயத்தைக் காட்டியவள் அல்ல.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே இந்த முறையீடு வந்தது. கணவன்மார் அடிக்கிறார்கள் என்று பெண்கள் பலர் நாயகத்தின் வீட்டாரிடம் வந்தார்கள் என்றும், அப்படிப்பட்டவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று நாயகம் அவர்கள் சொன்னார்கள் என்றும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. வீட்டு இரகசியத்தை வெளியிட்டதாக அந்தப் பெண்களைக் கடிந்ததாக அங்கே இல்லை. சூரத்துன்னிஸாவின் 34ஆம் வசனத்தைக் காட்டிக் கைக்கு உரிமை தேடுவோர், நாயகம் அவர்கள் எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த வசனமோ இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அமைக்கச் சொல்லுகிறது. நாலு சுவருக்குள் மற்றவருக்கு வேலையில்லை என்பது மார்க்கத்தின் பேச்சன்று. அவள் எச்சமயத்தவளாயினும், தாய்வீடு தொலைவில் இருக்க, அவள் தரப்பில் நிற்க அங்கே யார் இருக்கிறார்கள்?

தலையிடுவதிலும் பக்குவம் வேண்டும். அவன் பக்கத்தில் நிற்கும்போது கல்லாவிலிருந்து விசாரித்தால், அந்த விசாரணைக்கும் சேர்த்து இரவில் அவள்தான் அடிபடுவாள். அவள் தனித்து வரும்போது நம் வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். சத்தம் கேட்கும் நேரமானால் இரண்டு மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டி நெருப்புப் பெட்டி கேட்கலாம். ஓங்கிய கை அதற்கே தாழக்கூடும். கத்தி கித்தி இருந்தால் கதவண்டை போகாமல் 999க்குப் பேசுவதே புத்தி.

போலீசுக்குச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் முஸ்லிம்கள் உட்பட எல்லோருக்கும் நடப்பில் உள்ளது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரை அது காக்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சமூகநல அதிகாரியே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அரசாங்கத்தின் 15999 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

அதற்குப்பின் அவனோடு வாழ்வதா விலகுவதா என்பது அவள் முடிவு. மன்னித்துத் திரும்பினாள் என்பதற்காக அடுத்த முறை காதைப் பொத்திக்கொள்ள நமக்கு அனுமதி கிடைத்துவிடாது. அவள் விலக நினைத்தால், அவன் பாக்கியை அவள் தலையில் எழுதாமல், ஒரு வாரத்து அரிசிக்கும் பஸ் கூலிக்கும் அவள் பெயரிலேயே ஒரு பக்கம் திறக்க நம் பற்றுப் புத்தகத்தில் இடமிருக்கிறது.