முள்ளை ஆற்றுக்கே

கனடாவின் மேற்கே, ராக்கி மலைத்தொடரில் மவுண்ட் ராப்சன் சிகரத்துக்கு அருகே பிறக்கிறது ஃபிரேசர் ஆறு. கடல் மேற்கே இருக்க, இது முதலில் வடமேற்கே ஓடி, பிரின்ஸ் ஜார்ஜில் தெற்கே திரும்பி, ஹோப் என்ற ஊரில் மறுபடி வளைந்து, ஏறத்தாழ 1,375 கிலோமீட்டர் கடந்து வான்கூவர் அருகே பசிபிக்கை அடைகிறது. 1808-இல் இதில் இறங்கிவந்த சைமன் ஃபிரேசர், கொலம்பியா ஆறு என்று நம்பியே பயணத்தைத் தொடங்கினார்.

அவர் இறங்கிய வழியில் சாக்கை சால்மன் மீன்கள் ஏறுகின்றன. நன்னீருக்குள் வந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடுகின்றன. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு. ஆடம்ஸ் கிளையாற்றுக்குப் போகிறவை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடுகின்றன. வெள்ளி உடல் செக்கச் சிவக்கிறது, தலை பச்சையாகிறது. பெண்மீன் ஒருக்களித்து, வாலால் கூழாங்கற்களை அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கிறது. முட்டையிட்டதும் சற்று மேலே நகர்ந்து, அதே வாலால் சரளையைத் தள்ளி மூடுகிறது. வால் தேய்ந்து தோல் உரிந்துபோகிறது. சில நாட்களில் உயிரும் போகிறது. குஞ்சு பொரிவதை எந்தத் தாயும் பார்த்ததில்லை. கரடிகள் கரையேற்றித் தின்ற மிச்சம் காட்டு மரங்களுக்கு உரமாகிறது.

பலனைப் பாராமல் செய் என்று கேட்கும்போதெல்லாம், அக்கறையையும் விட்டுவிடச் சொல்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். இந்தத் தாயிடம் அக்கறைக்கு என்ன குறை? பார்த்து மகிழும் உரிமை ஒன்றைத்தான் அது விட்டுக்கொடுக்கிறது.

ஆற்றங்கரையின் ஸ்டோலோ மக்கள், பருவத்தின் முதல் சால்மனைத் தனித்து உண்பதில்லை. ஊரோடு பகிர்ந்துண்டு, முள்ளை ஆற்றிலேயே விடுகிறார்கள். வயிறு நிறைந்த பிறகும் கொடுத்தவரை மறவாத இந்த மரியாதையை நான் வழிபாடு என்றே சொல்வேன்.

அந்த மரியாதை எல்லோரிடமும் இருக்கவில்லை. 1914-இல் ரயில் பாதை வேலையின்போது இந்த ஆற்றின் ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கில் பாறை சரிந்தது. நீரின் வேகம் கூடி, ஏற முடியாத மீன்கள் கீழேயே மாண்டன; மேலே காத்திருந்த பழங்குடி ஊர்களுக்கு மீன் போய்ச் சேரவில்லை. 1940-களில்தான் அங்கே கான்கிரீட்டில் மீன்வழிகள் கட்டினார்கள். பின்னர் மோரான் என்ற இடத்தில் பேரணை கட்டும் திட்டம் வந்தபோது, மீன்களுக்காகக் குரல் எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஃபிரேசரின் முதன்மை ஓட்டத்தின் குறுக்கே இன்றுவரை அணை கிடையாது.