சிறகு இல்லாத கழுகு

கதையில் மார்கஸ் படுத்திருக்கிறான்.

தொடையில் ஆழமான காயம். ரோமானியப் படையில் அவன் வேலை முடிந்துவிட்டது. இனி என்ன என்று தெரியவில்லை.

சாகசக் கதை என்று கையில் எடுத்த புத்தகம். யாரும் ஓடவில்லை. யாரும் துரத்தவில்லை. ஒருவன் கிடக்கிறான். நாட்கள் போகின்றன.

இந்தப் பக்கங்கள்தான் எனக்குப் பிடிக்கின்றன. பின்னால் வரும் துரத்தலைவிட.

*

எழுதியவர் ரோஸ்மேரி சட்கிளிஃப். 1920 டிசம்பரில், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறக்கிறார். அப்பா கடற்படை அதிகாரி.

ஓடி விளையாடும் வயது வருவதற்குள் மூட்டுகளில் வீக்கம். ஸ்டில்ஸ் நோய். வலி வந்துவிட்டுப் போகவில்லை, தங்கிவிடுகிறது.

அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் வீடும் மாறுகிறது. மால்டா. சாத்தம் கப்பல்துறை. படுக்கை மட்டும் எங்கும் உண்டு.

*

ஒன்பது வயது வரை வாசிக்கத் தெரியாது.

அம்மா வாசிக்கிறார். கிப்ளிங். டிக்கன்ஸ். கெல்ட், சாக்சன் பழங்கதைகள்.

படுத்திருக்கும் பிள்ளையின் காது எங்கெங்கோ போய் வருகிறது.

சட்கிளிஃப்பின் வாக்கியங்களை வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன். நீளமானவை. ஆனால் மூச்சு முட்டவில்லை. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வாக்கியமும் நிற்கிறது.

*

அறுவை சிகிச்சை. குணமாகக் காத்திருத்தல். மறுபடி அறுவை சிகிச்சை.

பதினான்கு வயதில் பள்ளி முடிகிறது. பிறகு பிடிஃபர்ட் ஓவியப் பள்ளி. பெரிய படங்களுக்கு உடம்பு இடம் தராது, சிற்றோவியம் பழகு என்கிறார்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் முகங்கள். ஒரு புருவம் வரைந்து முடிக்கும் வரை கை அசையக் கூடாது.

அது நன்றாகவே வருகிறது. சிற்றோவியர்களுக்கான ராயல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது.

இடம் மட்டும் போதவில்லை.

எழுதக் காகிதத்தை எடுக்கிறார். அதில் மலை வருகிறது. கடல் வருகிறது. ஒரு படையே நடந்து வருகிறது.

*

1950இல் முதல் புத்தகங்கள். அவற்றில் ஒன்று ராபின் ஹூட். அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

1954இல் 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்'. மார்கஸின் கதை.

*

அந்த நாவலுக்கு அவரிடம் இருந்தவை இரண்டு.

ரோமின் ஒன்பதாம் படையணி. கி.பி. 117 வாக்கில் வடக்கே போகிறது. திரும்பவில்லை. அவர் எழுதும்போது இருந்த நம்பிக்கை அது.

ஒரு வெண்கலக் கழுகு. 1866இல் சில்செஸ்டரில், பழைய ரோமானிய ஊரைத் தோண்டும்போது கிடைத்தது. சிறகுகள் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மகன் நடக்கிறான், மார்கஸ். அவன் அப்பா அந்தப் படையணியோடு போனவர்.

*

ஆய்வாளர்கள் பிறகு வேறு சொல்கிறார்கள்.

நெதர்லாந்தின் நைமேகனில் ஒன்பதாம் படையணியின் முத்திரை விழுந்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. படை பிரிட்டனில் அழியாமல் கடல் தாண்டிப் போயிருக்கலாம். கழுகும் படையின் சின்னமான கழுகு இல்லையாம். ஏதோ ஒரு சிலையோடு இருந்ததாம்.

சரி.

புத்தகத்தைத் திறக்கிறேன். மகன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.

*

மார்கஸின் காயத்தை மறுபடியும் திறக்க வேண்டியிருக்கிறது. உள்ளே சில்லுகள் தங்கிவிட்டன. படை மருத்துவராக இருந்தவர் வருகிறார். பக்கத்தில் எஸ்கா. விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. இப்போது அந்த வீட்டில் மார்கஸுக்கு மிக நெருக்கமானவன்.

வலியைப் பற்றிச் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார்.

சிகிச்சை மேசையில் பலமுறை கிடந்தவர் எழுதிய பக்கம். அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் இருக்கிறேன்.

*

விந்தும் காலோடு மார்கஸ் கழுகைத் தேடி வடக்கே போகிறான். ஹேட்ரியன் சுவருக்கு அப்பால்.

கண் வைத்தியன் வேடம். கையில் ஒரு களிம்புப் பெட்டி.

குடிசைகளுக்குள் புகை. புகையில் சிவந்த கண்கள், ஒட்டிக்கொண்ட இமைகள். குனிந்து களிம்பு தடவுகிறான். வேடம் பொய். களிம்பு நிஜம்.

வாளோடு போகிறவர்களின் கதைகள் நிறைய இருக்கின்றன. இந்தப் பெட்டியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

*

1958. 'வாரியர் ஸ்கார்லெட்'.

வெண்கலக் காலம். ட்ரெம் என்ற பையன். வலது கை சூம்பிப் போயிருக்கிறது.

வீரர்களின் சிவப்பு ஆடை வேண்டுமென்றால் ஓர் ஓநாயைக் கொல்ல வேண்டும். தனியாக. அவன் போகிறான். முடியவில்லை. ஆடு மேய்க்கிறவர்களிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கான புத்தகம். ஆனாலும் அவனைத் தேற்ற யாரையும் அவர் அவசரமாக அனுப்புவதில்லை. ஆடுகளோடு விட்டுவிடுகிறார். குளிர். கம்பளி வாசனை.

ஓநாய் மறுபடி வரும். அதற்கு நிறையப் பக்கங்கள் இருக்கின்றன.

*

1959. 'தி லான்டர்ன் பேரர்ஸ்'. கார்னகி பதக்கம் பெற்ற நாவல்.

ரோமானியப் படையின் கடைசிக் கப்பல்கள் பிரிட்டனை விட்டுப் போகின்றன. அக்விலா என்ற இளைஞன் ஏறவில்லை. ஒளிந்துகொள்கிறான். இருட்டியதும் ரூட்டுபியே கலங்கரை விளக்கத்தின் உச்சிக்குப் போய்த் தீ மூட்டுகிறான்.

போகிற கப்பல்களுக்கு அந்த வெளிச்சம் இனித் தேவையில்லை.

ஏன் மூட்டினான் என்று யோசிக்கிறேன். யோசனை நின்றுவிடுகிறது. தீ தெரிகிறது.

*

ஒரு மோதிரம். மரகதத்தில் டால்பின் செதுக்கியது.

மார்கஸின் குடும்பத்து மோதிரம். நாவலுக்கு நாவல் கை மாறுகிறது. நூற்றாண்டுகள் போகின்றன. ரோம் போகிறது. மோதிரம் இன்னொரு விரலில்.

கல்லில் ஒரு குறை உண்டு. எந்தப் புத்தகத்திலும் அது சரியாவதில்லை.

*

சசெக்ஸில் வால்பர்ட்டன் என்ற கிராமம். சக்கர நாற்காலி. சின்ன நாய்கள். முறுக்கிக்கொண்ட விரல்களுக்குள் பேனா.

தட்டச்சு இல்லை. கையால்தான்.

அந்தப் பேனாவில் ஈரமான ஹெதர் புதர். குதிரையின் வியர்வை. மேடு ஏறும்போது சவாரி செய்கிறவன் முன்னால் சாய்வது. கணுக்கால் வரை சேறு.

வாசிக்கும்போது என் கால்கள் கனக்கின்றன. நடந்து வந்ததுபோல. நான் நாற்காலியில்தான் இருக்கிறேன். அவரும்.

*

அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் துணிச்சல், மன உறுதி என்றெல்லாம் எழுதுகிறார்கள். இருக்கலாம்.

1983இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகள், 'புளூ ரிமெம்பர்ட் ஹில்ஸ்'. நாவலாசிரியராகப் பெயர் எடுப்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. பிந்தைய ஆண்டுகள் அதில் இல்லை.

*

1992 ஜூலை 23 அன்று இறக்கிறார். அன்று காலையும் எழுதியிருக்கிறார்.

முடிக்காத நாவல் 'சோர்ட் சாங்'. ஒரு வைக்கிங் பையன். தன் நாயை உதைத்த துறவியைக் கொன்றுவிடுகிறான். ஐந்து ஆண்டு ஊருக்குள் வரக் கூடாது என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வழக்கமாக ஒரு நாவலை மூன்று முறை எழுதுவார். இது இரண்டோடு நிற்கிறது. 1997இல் அச்சாகிறது.

மூன்றாம் முறை உட்கார்ந்திருந்தால் எந்த வரியை அடித்திருப்பார் என்று தேடிக்கொண்டு வாசிக்கிறேன். நாயும் பையனும் கப்பல் ஏறிவிடுகிறார்கள். தேடுவது மறந்துபோகிறது.