ஒத்துழைப்பும் பொறுப்பும்

‘பெற்றார் ஒத்துழைப்பு’ என்பது நமது ஆரம்ப பாடசாலைகளில் நாள்தோறும் வழங்கும் சொற்றொடர். பெற்றார் கூட்டத்திலே அதிபர் அதனைக் கூறுகிறார். முன்னேற்ற அறிக்கையிலே வகுப்பாசிரியர் அதனை எழுதுகிறார். கல்வி அதிகாரிகளின் உரைகளிலும் அது தவறாது இடம்பெறுகிறது. பிள்ளை தேறிவிட்டால் அச்சொல்லை எவரும் நினைப்பதில்லை. தேறாவிடின், வீடு ஒத்துழைக்கவில்லை என்று பாடசாலை கூறுகிறது; பாடசாலை படிப்பிக்கவில்லை என்று வீடு கூறுகிறது. இவ்விரு குற்றச்சாட்டுகளுக்கும் இடையே ஒன்பது பத்து வயதுப் பிள்ளையொன்று நிற்கிறது. அப்பிள்ளைக்கு யார், எவ்வளவு கடமைப்பட்டவர் என்ற வினாவை நிருவாகப் பிரச்சினையாக மட்டும் கருதிவிட முடியாது. அது அறம் பற்றிய வினா. அவ்வாறே அதனை எடுத்து ஆராய்தல் வேண்டும்.

ஒருவரால் இயலாத ஒன்றை அவர் செய்யவில்லை என்று குறைகூறுதல் நீதியாகாது. பொறுப்பு ஆற்றலுக்கு ஏற்ப அமைவது. ஆற்றலோ வெறும் மனவுறுதியால் மட்டும் வருவதில்லை. நேரமும் பணமும் எழுத்தறிவும் அதன் உறுப்புகள். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு நமது மலையகத் தோட்டமொன்றின் வாழ்வை நோக்குவோம்.

கொழுந்து பறிக்கும் தாய், பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும் வேளையிலே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவள். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறுகிறாள். குறித்த கிலோ கொழுந்து பறித்தாலன்றி அவளுக்கு முழுநாட் சம்பளம் இல்லை. மாலையிலே நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். வாரநாள் ஒன்றிற் காலை பத்து மணிக்குப் பெற்றார் கூட்டம் என்று அவளுக்குக் கடிதம் வருகிறது. அக்கூட்டத்துக்குப் போவதன் விலை ஒருநாட் சம்பளம். அச்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்படுவதற்கே தொழிலாளர் ஆண்டுக்கணக்காகக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. அரசாங்க அலுவலர் ஒருவரோ அதே கூட்டத்துக்கு அரைநாள் லீவு எடுத்து வரலாம். அவர் சம்பளம் குறையாது. இருவருக்கும் வருவது ஒரே கடிதம். ஆயினும் இருவரிடமும் கேட்கப்படுவது ஒரே அளவினதன்று. வராதவளின் பெயருக்கு எதிரே ‘அக்கறையில்லை’ என்று குறித்துக்கொள்பவர் அவ்வேற்றுமையை அறியாதவராவார். அன்றி, அறிந்தும் அறியாதவர்போல் இருப்பவராவார்.

தோட்டத்திலே வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே நிலவும் தூரம் நேற்றுத் தோன்றியதன்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. கல்வி வேண்டியவர் தொழிலாளர். அதனை நடத்த விடப்பட்டவரோ அப்பிள்ளைகளை நாளைய கூலிகளாகக் கண்ட துரைமார். அக்கல்வி எத்தகையதாய் அமைந்திருக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் 1970களின் பிற்பகுதி வரை காத்திருந்தன. தலைமுறை தலைமுறையாகத் துரையின் உடைமையாக இருந்த பள்ளிக்குள் தொழிலாளி உரிமையோடு நுழைந்து பழகியதில்லை. இன்று அதிபரின் அறை வாசலில் ஒரு தகப்பன் தயங்கி நிற்கிறானெனின், அத்தயக்கத்தினுள்ளே இவ்வரலாறும் நிற்கிறது.

இனி, ‘சிறந்த ஒத்துழைப்பு’ எனப் பாராட்டப்படும் நகரத்து வீட்டை நோக்குவோம். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் தோற்றுகின்றனர். 1940களிலே, கிராமத்துத் திறமையாளரை மத்திய பாடசாலைகளுக்குத் தெரிவு செய்யும் நல்நோக்குடன் தோன்றியது இப்பரீட்சை. நாளடைவில் அது பிள்ளைகளின் பரீட்சை என்ற நிலை மாறி, வீடுகளின் பரீட்சையாயிற்று. மாலையில் ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள், விடுமுறையில் மேலதிக வகுப்பு. இவற்றுக்குப் பணமும், அருகிருந்து பார்க்கப் படித்த தாயும் வேண்டும். இங்கே வீடும் பாடசாலையும் ஒத்துழைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவ்வொத்துழைப்பின் பயன் யாது? உள்ளவன் பிள்ளையின் முன்னணியை அது மேலும் நீட்டுகிறது. பாடசாலை தான் செய்ய வேண்டிய பணியில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதனை விலைக்கு வாங்க வல்லவரை நல்ல பெற்றார் என்று மெச்சுகிறது.

இதன் கேடு வீட்டினுள்ளும் புகுகிறது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்று 183ஆம் பாட்டு, ஒரு வயிற்றிற் பிறந்தாருள்ளும் கல்வியிற் சிறந்தவனிடத்தே தாயின் மனமும் சாயும் என்று கூறுகிறது. பாண்டியன் அதனைக் கல்வியின் பெருமைக்குச் சான்றாகக் கொண்டான். இன்று நாம் அதனை ஓர் எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை, பாடசாலையில் மட்டுமின்றித் தாயின் முகத்திலும் தன் தோல்வியைப் படிக்கிறது. பாடசாலையின் அளவுகோலை வீடு அப்படியே ஏற்றுக்கொண்டால், அளக்கப்படாமல் அன்பு செய்யப்படுவதற்கு அப்பிள்ளைக்கு வேறு இடம் ஏது? இடைநிலை வகுப்புகளிற் கற்பிக்கும் நாம், தரம் ஆறில் நம்மிடம் வரும் பிள்ளைகள் சிலர் பத்து வயதிலேயே தம்மைத் தோற்றவராகக் கருதியிருத்தலைக் காண்கிறோம்.

அவ்வாறாயின், எல்லாவற்றையும் பாடசாலையே செய்யட்டும்; வறிய வீட்டை அதன்போக்கில் விட்டுவிடுவோம் என்று சிலர் கூறலாம். இரக்கம்போலத் தோன்றும் இக்கூற்றினுள்ளே இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. ‘அந்தச் சனங்களுக்கு என்ன தெரியும்’ என்பதன் மறுவடிவமே அது. எழுத்தறியாத பாட்டிக்குக் கதை தெரியும், விடுகதை தெரியும், பழமொழி தெரியும். கவ்வாத்து வெட்டும் தகப்பனுக்கு மண்ணும் மழையும் செடியும் தெரியும். பிள்ளையின் முதல் மொழி அவ்வீட்டின் மொழி. அம்மொழியை வகுப்பறையிற் கொச்சையென்று நகையாடும் ஆசிரியர், பிள்ளையைத் திருத்தியதாக எண்ணலாம். உண்மையில் வாய்திறந்து வினாவும் துணிவையே அதனிடமிருந்து பறிக்கிறார். இலக்கிய வழக்கைக் கற்பிப்பது நம் கடமை. அதற்காக வீட்டு வழக்கை அவமதிக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

வீட்டை மதிப்பது வேறு. வீடு சொல்வதெல்லாம் சரியென ஏற்பது வேறு. இவ்வெல்லையை உணர்த்த நமது வரலாற்றிலேயே சான்றுண்டு. 1930ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளும் ஏனையோருடன் சமமாக ஆசனத்தில் அமரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, தம்மை உயர்ந்தோராகக் கருதிய குடும்பத்தார் பலர் அதனை எதிர்த்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அவர்களும் பெற்றாரே; தம் பிள்ளைகளின் நலனையே நாடுவதாக அவர்களும் எண்ணியிருப்பர். அத்தகைய பெற்றாருடன் ஒத்துழைப்பது அநீதியுடன் ஒத்துழைப்பதாகும். ஆகவே வீடும் பாடசாலையும் எதன்பொருட்டு இணைகின்றன என்பதே உரைகல். தன் பிள்ளை மட்டுமின்றி, அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் கற்க வேண்டும் என்ற நோக்கோடு இணைதலே ஒத்துழைப்பு என்ற பெயருக்கு உரியது.

இருவரும் இணைய வேண்டுமெனின், ஆற்றல் மிக்கவரே முதலடி வைக்க வேண்டும். பாடசாலையிடம் பயிற்சி உண்டு. சட்டத்தின் அதிகாரம் உண்டு. அரசின் பணமும் உண்டு. ஆதலால் முதலடி பாடசாலையினுடையது. கூட்டத்தைச் சம்பளம் இழக்க வேண்டாத நாளில் வைக்கலாம். வேண்டுமாயின் லயத்தருகே வைக்கலாம். படித்தவர் துணையும் கடைப்பொருளும் இன்றிப் பிள்ளை தானே செய்யக்கூடிய வீட்டுவேலையை மட்டும் கொடுக்கலாம். குற்றம் கூறுவதற்கு அழைக்குமுன், பிள்ளையின் நற்செயல் ஒன்றைக் கூறுவதற்கு ஒருமுறையேனும் பெற்றாரை அழைக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலே பணத்துக்கும் சிரமதானத்துக்கும் மட்டும் நினைக்கப்படும் தொழிலாளி, முடிவெடுக்கும் வேளையிலும் நினைக்கப்பட வேண்டும்.

வீட்டுக்கும் கடமை உண்டு. அதனை மறுப்பது வறியவரைப் பொறுப்பற்ற குழந்தைகளாகக் கருதுவதாகும். பிள்ளையை நாள்தோறும் அனுப்புதல், வாசிக்கச் சொல்லிக் கால்மணி நேரம் கேட்டிருத்தல், ஆணுக்குப் பள்ளியும் பெண்ணுக்கு அடுப்பும் என்று வகுக்காதிருத்தல், குடியிற் கூலியைக் கரைக்காதிருத்தல் ஆகியவை செல்வரிடம் மட்டுமே எதிர்பார்க்கத் தக்கவையல்ல. தோட்டங்களிலே அவற்றைச் செய்யும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்களைப் பற்றி எந்த அறிக்கையும் பேசுவதில்லை.

ஆசிரியரும் உழைப்பாளிதானே, அவர்மீது எத்தனை சுமையை ஏற்றுவது என்று நம் தோழர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது. மலையகப் பாடசாலைகளில் ‘ஆசிரிய உதவியாளர்’ என்ற பெயரில், அற்பக் கொடுப்பனவுக்கு முழுநேரம் கற்பித்த இளைஞரையும் யுவதிகளையும் நாம் அறிவோம். அவர்களிற் பலர் அதே லயங்களில் வளர்ந்தவர்கள். ஆயின் இக்கேள்வி நம்மைப் பெற்றாரிடமிருந்து பிரிப்பதற்குப் பதிலாக அவர்களோடு சேர்க்க வேண்டும். தாயின் நேரத்தை விழுங்கும் கூலிமுறையும், ஆசிரியரின் நேரத்தை விழுங்கும் ஆளணிப் பற்றாக்குறையும் ஒரே மூலத்திலிருந்து வருவன. உழைப்பவரின் பிள்ளையைக் குறைந்த செலவிற் படிப்பிக்கலாம் என்று கருதும் சமுதாய அமைப்பே அம்மூலம். வீடும் பாடசாலையும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்கும் வரை அவ்வமைப்புக்குக் கவலையில்லை.

1998 முதல் நடைமுறையிலிருக்கும் கட்டாயக் கல்வி ஒழுங்கு, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையைப் பெற்றார்மீது சட்டமாகச் சுமத்துகிறது. அக்கடமைக்கு ஈடான உரிமை ஒன்றும் அவர்களுக்கு வேண்டும். பெற்றார் கூட்டத்துக்குச் செல்லும் அரைநாளுக்குத் தோட்டம் சம்பளம் வழங்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். ஆசிரியர் சங்கங்களும் அவற்றோடு சேர்ந்து கேட்கட்டும். 1945இல் கல்வியின் கட்டணம் நீக்கப்பட்டது. பிள்ளையின் கல்வியிற் பங்குகொள்வதற்குத் தாய் இன்னும் செலுத்திவரும் கட்டணத்தையும் நீக்குவது, அன்று தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதியாகும்.